வண்டி ஓடாத ஊரில் ரயில் பாட்டு

வில்லிஸ் கானோவர் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். 1955 ஜனவரியில் ஆரம்பித்து, 1996 மே மாதம் இறக்கும் வரை, 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' சிற்றலையில் ஜாஸ் இசை நிகழ்ச்சி நடத்தியவர். வாரத்தில் ஆறு ராத்திரி. போலந்திலும் ரஷ்யாவிலும் லட்சக்கணக்கானவர்கள் அவர் குரலுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் அவர் குடியிருந்த வாஷிங்டனில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அவர் யாரென்று தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த நிலையத்தின் நிகழ்ச்சிகளை உள்நாட்டு மக்களுக்கு ஒலிபரப்ப அமெரிக்கச் சட்டம் அப்போது இடம் தரவில்லை. வெளிநாட்டாருக்காகவே நடந்த நிலையம் அது.

எங்கள் போத்தனூரில் அவரைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த வகையில் பார்த்தால் வாஷிங்டனைவிடப் போத்தனூருக்குத்தான் அவர் உள்ளூர்க்காரர்.

போத்தனூரைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் ஜங்ஷனுக்கு மூத்த ஸ்டேஷன் இது. மதராஸிலிருந்து மலையாளக் கரைக்குப் போட்ட லைனில் 1862லேயே ரயிலைப் பார்த்த ஊர். அகல ரயில் பாதை, பொள்ளாச்சி பக்கம் போகும் மீட்டர் கேஜ், சிக்னல் பட்டறை, யார்டு, ரயில்வே காலனி எல்லாம் உண்டு. காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிரைவர், கார்டு, பயர்மேன் என்று தலைமுறை தலைமுறையாக ரயில்வேயில் இருந்தவர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும். டிரம்ஸும் டிரம்பெட்டும் சத்தம் கேட்டால், எங்கள் தெரு டீக்கடைக்காரர், "சட்டைக்கார வூட்டுல கச்சேரி ஆரம்பிச்சாச்சுங்க" என்பார்.

நான் போத்தனூருக்கு வந்தது 1972ல். பிறந்தது புதுச்சேரி. அப்பா 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சைகோனில் இருந்து திரும்பியபோது ஒரு கிராமபோனும் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகளும் கொண்டுவந்தார். நான் படித்தது முழுக்கப் பிரெஞ்சு மீடியம். ஆங்கிலம் பள்ளியில் ஒரு பாடம், அவ்வளவுதான். கண்ணால் படித்தால் புரியும். காதில் விழுந்தால் புரியாது. பரீட்சை எழுதி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கோவைக்கு வந்தால், அங்கே கோப்பு முழுக்க ஆங்கிலம், பேச்சு கொங்குத் தமிழ். இரண்டுக்கும் நான் புதுசு. சூப்பரின்டெண்டென்ட் ஒரு வரி சொன்னால், அதை மனசுக்குள் பிரெஞ்சுக்கு மாற்றி, பிறகு தமிழுக்கு மாற்றி, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் அடுத்த மேஜைக்குப் போயிருப்பார்.

வாடகைக்குக் கிடைத்தது ஓர் ஓய்வுபெற்ற மெயில் டிரைவர் வீட்டின் பின்கட்டு. ஆங்கிலோ இந்தியர். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் மனைவியை ஆன்ட்டி என்பேன். அவருக்கு நான் எப்போதும் 'பாண்டி'. ஒரே மகன், என் வயதுதான், ரயில்வேயில் பயர்மேன்.

அவர்கள் ஹாலில் ஒரு வால்வு ரேடியோ. பச்சைக் கண் எரிகிற பெட்டி. மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஏரியல் கட்டியிருந்தார். வருஷா வருஷம் தபால் ஆபீசில் பதினைந்து ரூபாய் லைசென்ஸ் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவது என் வேலை. பகலில் கோவை வானொலி. 1966ல் தொடங்கிய நிலையம், அப்போது சின்னப் பிள்ளை. பருத்திக்கு மருந்தடிப்பது, மார்க்கெட் நிலவரம், நாட்டுப்புறப் பாட்டு என்று அந்த வட்டாரத்துக்கு வேண்டியதைச் சொல்லும். சாயங்காலம் ஆன்ட்டிக்காக இலங்கை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிளின் நேரம். சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். கரகரப்புக்கு நடுவே பியானோ நான்கு சுரம் இறங்கும். "கெடைச்சுட்டான் மேன்" என்று நாற்காலியில் சாய்வார். அது கானோவரின் முகப்பு இசை, டியூக் எலிங்டன் குழு வாசித்த 'டேக் தி ஏ ட்ரெயின்'.

நான் முதலில் போய் உட்கார்ந்தது இசைக்காக இல்லை, கானோவரின் பேச்சுக்காக. மனிதர் அவ்வளவு நிதானமாகப் பேசுவார். ஆழமான குரல். ஒவ்வொரு சொல்லாக எடுத்து மேஜையில் வைப்பது மாதிரி இருக்கும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தே அப்படிப் பேசினாராம். கிழக்கு ஐரோப்பாவில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் போத்தனூர் எழுத்தர் ஒருவனையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் சூப்பரின்டெண்டென்ட் பேசுவது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

இனி அந்த ஒரு வாரத்துக்கு வருகிறேன்.

1974 மே 8ஆம் தேதி அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை. போனஸ், வேலை நேரம், சம்பள விகிதம் என்று கோரிக்கைகள். ஏறக்குறைய 17 லட்சம் தொழிலாளர்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். இந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். போத்தனூரில் ஒன்றிரண்டு வண்டிகள் தவிர எதுவும் ஓடவில்லை. ஷண்டிங் சத்தமும் விசிலும் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிய ஊர் அது. சத்தம் நின்றதும் யாருக்கும் தூக்கம் வரவில்லை. டீக்கடைக்காரர் சொன்னார்: "ஏனுங்க தம்பி, காது அடைச்சுப் போன மாதர இருக்குதுங்க."

மகன் வேலைநிறுத்தத்தில் இருந்தான். அங்கிள் முப்பத்தைந்து வருஷம் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை என்று பெருமைப்படுபவர். "என்ஜினை நிறுத்திட்டு வர்றவன் டிரைவர் மகன் இல்லை" என்று 8ஆம் தேதி காலையில் சொன்னார். அவன், "பயர்பாக்ஸ் முன்னாடி எத்தனை மணி நேரம் நிக்கிறோம்னு உங்களுக்கே தெரியும் டாடி" என்றான். அத்தோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

கைது பயத்தில் அவன் பகலில் வீட்டுக்கு வருவதில்லை. வெள்ளலூர்ப் பக்கம் ஒரு நண்பன் வீட்டில் படுத்துக்கொண்டான். தெரு அடங்கிய பிறகு பின்பக்கமாக, என் கட்டு வழியாக வருவான். ஆன்ட்டி என் அறையில் தட்டை மூடி வைத்திருப்பார். நான் மத்திய அரசு ஊழியன், அதுவும் தகுதிகாண் பருவம் முடியாதவன். நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை என் வயிறு கலங்கிக்கொண்டேதான் இருக்கும். கதவைச் சாத்த மனசு வரவில்லை.

அவன் வருகிற நேரமும் கானோவர் வருகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒன்றைக் கவனித்தேன். பின்கதவுக் கொக்கி அசைந்த சத்தம் கேட்டதும் அங்கிள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பேசிக்கொள்ளாத மகன் வந்தது அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று டிரம்பெட்டை அலற விட்டார். அவன் போனதும் மறுபடி குறைத்தார். யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் டீக்கடைக்காரர் மட்டும், "உங்கூட்டு அங்கிளுக்குக் காது மந்தமாயிப் போச்சுங்களா? ராத்திரி முச்சூடும் பீப்பீங்குது" என்றார்.

அந்த மூன்றாவது வாரம் மே 20, திங்கட்கிழமை ஆரம்பித்தது. இரண்டு நாள் முன்னால்தான் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்திருந்தது. செய்தி முழுக்க அதுதான். ரயில் செய்தி பின்னுக்குப் போய்விட்டது. உண்மை நிலவரம் தெரிந்துகொள்ள பி.பி.சி.யையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் தேடி, எதிர்வீட்டுத் தமிழ் ஐயாவும் காலனிப் பையன்கள் இரண்டு பேரும் எங்கள் ஹாலுக்கு வர ஆரம்பித்தார்கள். செய்தி முடிந்ததும் எழுந்து போக வழியில்லை. அங்கிள் ஜாஸ் வைத்துவிடுவார். திங்கள், செவ்வாய், புதன் என்று தினமும் கூட்டம் சேர்ந்தது. வாரம் முழுக்க அவர்களுக்கும் ஜாஸ்தான்.

அந்தக் காலனிப் பையன்களில் ஒருவன், "இது அமெரிக்காக்காரன் பிரச்சாரம்தானே அங்கிள்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அது அமெரிக்க அரசு நடத்திய நிலையம். கறுப்பின மக்கள் ஓட்டுப் போடவே 1965ல்தான் அங்கே ஒழுங்கான சட்டம் வந்தது. அதே மக்களின் இசையை 'எங்கள் நாட்டுச் சுதந்திரம் பார்' என்று உலகத்துக்கு அனுப்பினார்கள். லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைத் தடுத்தபோது, 1957ல், லூயி ஆம்ஸ்ட்ராங் அரசாங்கம் ஏற்பாடு செய்த ரஷ்யப் பயணத்துக்குப் போக மறுத்தார். அங்கிளுக்கு இவ்வளவு விவரம் தெரிந்திருக்குமா, தெரியாது. அவர் சொன்ன பதில் இது: "அனுப்பினவன் எதுக்காக அனுப்பினான்னு எனக்கு என்ன மேன்? வாசிச்சவன் எதுக்காக வாசிச்சான்னு கேளு."

தமிழ் ஐயாவுக்கு இசை ஞானம் உண்டு. ஒரு ராத்திரி டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' வந்தது. ஐயா தொடையில் தட்டிப் பார்த்தார். தகிட தக, தகிட தக. முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, அஞ்சு! நம்ம கண்ட சாபு மாதிரிதான். நாம ரெண்டு மூணுன்னு பிரிப்போம், இவன் மூணு ரெண்டுன்னு பிரிக்கிறான்." அதிலிருந்து ஐயா செய்திக்காக வரவில்லை. புரூபெக் குழு 1958ல் இந்தியா வந்தபோது, அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ சென்னையில் மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்திருக்கிறார் என்று நான் பிற்பாடு படித்தேன். அதற்குள் ஐயா காலமாகிவிட்டார். தெரிந்திருந்தால் துள்ளியிருப்பார்.

எனக்கும் அந்த வாரத்தில் ஒரு பங்கு உண்டு. சிட்னி பெஷேயின் சோப்ரானோ சாக்ஸஃபோன் ஒரு நாள் ஒலித்தது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, பிரான்சில் குடியேறி, 1959ல் பாரிஸ் அருகே இறந்தவர். அவருடைய 'பெத்தித் ஃப்ளர்', அதாவது 'சின்னப் பூ', அப்பாவின் சைகோன் பெட்டியில் இருந்த தட்டு. கொங்கு நாட்டில் புழுக்கமான ஒரு மே மாத ராத்திரியில், புதுச்சேரி வீட்டு முற்றம் என் முன்னால் வந்து நின்றது. "பாண்டி, அழுவுறியா மேன்?" என்றார் அங்கிள். தூசி என்றேன்.

வெள்ளிக்கிழமை, மே 24. டியூக் எலிங்டன் நியூயார்க்கில் இறந்தார். வயது 75. எங்களுக்குச் செய்தி தெரிந்தது சனிக்கிழமை. அன்று ராத்திரி அங்கிள் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். முகப்பு இசை வந்தது. வண்டியே ஓடாத ஊரில், எங்கும் போக முடியாத ராத்திரியில், ரயிலைப் பிடித்து வா என்கிற அந்தப் பாட்டு. யாரும் அசையவில்லை. கானோவரின் குரல் வழக்கத்தைவிட இன்னும் மெதுவாக எனக்குப் பட்டது. எலிங்டனின் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பின்கதவுக் கொக்கி அசைந்தது. அங்கிள் சத்தத்தைக் கூட்டவில்லை.

அவன் என் அறையில் நின்றான். ஹாலுக்கும் என் கட்டுக்கும் நடுவே கதவு திறந்துதான் இருந்தது. அங்கிள் திரும்பிப் பார்க்காமல் ரேடியோவைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "அறுபத்தி மூணுல மெட்ராஸுக்கு டியூக் பேண்ட் வந்தப்போ பாஸ் எடுத்து ஒருத்தனைக் கூட்டிட்டுப் போனேன். கச்சேரி பூரா தூங்கிட்டான்."

கொஞ்ச நேரம் ரேடியோ மட்டும் வாசித்தது. பிறகு என் அறையிலிருந்து குரல் வந்தது: "தூங்கலை டாடி. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

பதினெட்டு நாளில் இரண்டு பேரும் பேசிய முதல் வார்த்தை அது. ஆன்ட்டி எழுந்து போய்த் தட்டை ஹாலுக்கே கொண்டுவந்து வைத்தார். அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அங்கிள் அப்போதும் வேலைநிறுத்தத்தைச் சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவனும் தன் பக்கத்தை விட்டுக் கொடுக்கவில்லை. பாட்டு முடிகிற வரை ஒரே ஹாலில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்து அன்று நடந்தது அவ்வளவுதான்.

மே 27, திங்கட்கிழமை, வேலைநிறுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். கேட்டது எதுவும் கிடைக்காமல் முடிந்த போராட்டம். ஓரிரு நாளில் யார்டில் விசில் கேட்டது. சில வாரத்தில் அவனும் வேலைக்குத் திரும்பினான். 1978ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினார்கள். அந்தக் காலத்தில் காலனியில் பாதிப் பேர் அப்படிப் போனார்கள். அங்கிளும் ஆன்ட்டியும் அங்கேயே அடக்கமாகிவிட்டார்கள்.

'டேக் தி ஏ ட்ரெயின்' எப்படிப் பிறந்தது என்று ரொம்ப வருஷம் கழித்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. எழுதியவர் எலிங்டன் இல்லை. அவருடைய வலதுகையாக இருந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன். நியூயார்க்கில் ஹார்லெமில் இருந்த தன் வீட்டுக்கு வர எலிங்டன் வழி சொன்னார். எந்தப் பாதாள ரயிலில் ஏற வேண்டும் என்பதுதான் அந்த வழி. அதுவே பாட்டின் பெயரானது. 1941 தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் பாடலாசிரியர்கள் சங்கத்துக்கும் ராயல்டித் தகராறு. சங்க உறுப்பினர்களின் பாட்டு எதையும் வானொலியில் போட முடியாது. எலிங்டன் உறுப்பினர், அவர் எழுதிய அத்தனையும் முடங்கியது. ஸ்ட்ரேஹார்ன் சங்கத்தில் சேராதவர். அதனால் அவருடைய பாட்டை அவசரமாக எடுத்து, பிப்ரவரியில் பதிவு செய்து, குழுவின் முகப்பு இசையாக்கினார்கள். இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்ற ஒரு தகராறின் நடுவில் கிடைத்த பாட்டு அது. அப்பனும் மகனும் முறைத்துக்கொண்டு நின்ற வீட்டுக்கு அது தினமும் வந்து போனதில் பொருத்தம் இருக்கிறது.

எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் 1963 பயணத்தின் நினைவாக 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்று ஒரு தொகுப்பே எழுதினார்கள். அதில் ஒன்று டெல்லியில் ஸ்ட்ரேஹார்ன் கேட்ட மைனாவின் குரல். கிளாரினெட் அந்த மைனாவாகக் கூவும். நம் ஊர்ப் பறவை அமெரிக்கத் தட்டில் ஏறியது. பதிலுக்கு நம்மவர் ஒருவரும் அவர்கள் வாத்தியத்தை எடுத்துக்கொண்டார். மங்களூர்ப் பக்கத்து கத்ரி கோபால்நாத் சாக்ஸஃபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்து, 1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். 1994ல் வந்த 'டூயட்' படத்தில் அவர் வாசித்ததைக் கேட்காத தமிழர் உண்டா?

இப்போது என் பேத்தி போனில் உலகத்து ஸ்டேஷன் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுகிறாள். கரகரப்பே இல்லை. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேர் காதிலும் வேறு வேறு பாட்டு. ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது. ஒரே பெட்டி இருந்த வீட்டில், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லோரும் அதையே கேட்டாக வேண்டும். கோபத்தில் முகம் பார்க்காதவர்களும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரலாம். பேச வேண்டியதை அதனிடம் சொல்வது போலச் சொல்லிவிடலாம். அந்த வசதி போனில் இல்லை.

ஏப்ரல் 30ஐச் சர்வதேச ஜாஸ் தினம் என்று யுனெஸ்கோ அறிவித்து 2012 முதல் கொண்டாடுகிறார்கள். ஜாஸ் பழக்கமில்லாத நண்பர்கள் அன்றைக்காவது மூன்று கேளுங்கள்: எலிங்டனின் 'டேக் தி ஏ ட்ரெயின்', பெஷேயின் 'பெத்தித் ஃப்ளர்', புரூபெக்கின் 'டேக் ஃபைவ்'. மூன்றாவதுக்குத் தொடையில் தகிட தக போட்டுப் பாருங்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி வையுங்கள். பேரன் பேத்திகள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். எங்கள் தமிழ் ஐயாவும் முதல் நாள் சுளித்தவர்தான்.